பயம் போக்கும் பட்டை

“இது மருந்தே இல்லைங்க, வெறும் பட்டை. காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா பயம் வராது, அவ்வளவுதான். ஊக்கமருந்து சோதனைக்காரங்களே இதை அனுமதிச்சிருக்காங்க” என்றார் தடகளச் சங்கத்து ஹெலன் மேடம்.

“ஒரு மாசமா ஒட்டிப் பார்த்தாச்சே மேடம். நேத்து மொட்டைமாடிச் சுவர்மேல உக்காந்து, காலை வெளியே தொங்கப்போட்டுக்கிட்டு முறுக்கு தின்னுட்டு இருக்கா” என்றாள் செண்பகம்.

“முறுக்கு நல்லா இருந்துச்சும்மா” என்றாள் மகள் பூங்கோதை.

கோலூன்றித் தாண்டுவதில் மாநிலத்திலேயே அவள்தான் முதல். வயது பதினேழு என்பதால், தேசியப் போட்டிக்கும் பட்டையைத் தொடர அம்மா சம்மதம் சொல்லவேண்டும்.

“அதெல்லாம் சின்ன விஷயங்க. எவ்வளவு உயரம் தாண்டுறா, அதைப் பாருங்க!”

“அதைத்தான் மேடம் பார்க்கிறேன். இறங்குறப்போ முன்னே மாதிரி பயந்து கண்ணை மூடவே மாட்டேங்கிறா.”

அப்போது சுவரிலிருந்து ஒரு பல்லி பூங்கோதையின் தோளில் விழுந்தது. பல்லியைக் கண்டாலே தெருவரைக்கும் ஓடுகிறவள், தூசியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டாள். அது ஹெலன் மேடத்தின் காலடியில் போய் விழ, அவர் அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“ஏன் மேடம், நீங்க ஒண்ணு ஒட்டிக்கலையா?” என்றாள் செண்பகம்.

“நானா? ஐயோ, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க! வண்டி ஓட்டணும், ரோடு தாண்டணும்...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செண்பகம் மகளின் காதுக்குப் பின்னாலிருந்த பட்டையை உரித்து, நாற்காலிமேல் நின்றவரின் கையில் வைத்தாள்.

“எனக்கு இருக்கிறது ஒண்ணுதாங்க.”