ஏழுக்கு ஒரு பெல்ட்

இன்ஸ்பெக்டரின் மேசையில் விழுகிற காலை வெயிலில், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு காகிதத் துண்டை அக்கா விரல்நுனியால் நீவி வைக்கிறாள். மேசையின் மறுமூலையில், காணாமற்போன தங்கையின் கோப்பு, ‘தானாகவே போய்விட்டாள்’ என்று முடிக்கப்பட்டு, கயிறு போட்டுக் கட்டிக் கிடக்கிறது. காணாமற்போன பதினேழாம் தேதி அவள் வேலைக்கே வரவில்லை என்று எட்டு மாதமாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சாதிக்கிற தையல் கம்பெனி சூப்பர்வைசர், மாப்பிள்ளைத் தோரணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதே கம்பெனியில் வேலை செய்கிற அக்கா சொல்கிறாள்: “கடையிலேர்ந்து திரும்பி வர்ற சட்டையெல்லாம் செக் பண்றது நான்தான் சார். நேத்து ஒரு சட்டைப் பாக்கெட்டுக்குள்ள இது இருந்துச்சு. தைச்சு முடிச்ச கட்டுல அவங்கவங்க கையால எழுதி வைக்கிற சீட்டு.” சீட்டில் அவள் காணாமற்போன அதே மாதம், தேதி 17, நேரம் மாலை 7.10. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. “ஏழுக்கு பெல்ட் போடாம என் தங்கச்சிக்குக் கை ஓடாது. இவரே எத்தனை தடவை திட்டியிருக்காரு, கேளுங்க.” சூப்பர்வைசரின் கால் தானாகக் கீழே இறங்குகிறது. மின்விசிறிக் காற்றில் சீட்டு எழும்ப, இன்ஸ்பெக்டர் சட்டென்று அதை உள்ளங்கையால் அமுக்குகிறார். மற்றக் கை கோப்பின் முடிச்சை அவிழ்க்கிறது. தங்கை எங்கே என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அக்காவின் முதுகு நிமிர்கிறது. எட்டு மாதமாக அக்காவையே கேட்டுக் குடைந்த கேள்வியை, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக சூப்பர்வைசரிடம் கேட்கிறார்: “அந்தப் பொண்ணைக் கடைசியா எப்போ பாத்தீங்க?”