பெயருக்கு முன்னால்

விமான நிலையத்தில் ஏறியதிலிருந்து ஞானவடிவேல் நான்காவது தடவையாக வண்டியை நிறுத்தச் சொன்னார். முதலில் டீ, பிறகு இளநீர், பிறகு சிறுநீர். இப்போது கோவளம் தாண்டி, காரணமே சொல்லாமல்.

"முகூர்த்தம் பத்தரைக்குன்னீங்களே சார், மகாபலிபுரம் போய்ச் சேர வேணாமா?" என்ற டிரைவர், ரிசார்ட் பெயரைப் பார்க்க அவர் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை வாங்கினார். பழைய நண்பன் ஒருவன் தபாலில் அனுப்பியிருந்தது. "அடப்பாவமே, பொண்ணுக்கு அப்பா இல்லையா? பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு போட்டிருக்கே. நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

"தெரிஞ்சவன்தான். அவ்வளவா ஒத்துப்போகாது."

ஞானவடிவேல் பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கொள்ள, வண்டி கிளம்பியது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தான் விட்டுவிட்டுப் போன மகளின் பெயருக்கு மேலே, தன் பெயருக்கு முன்னாலிருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். கடல் தெரிந்தபோது விரலெல்லாம் தங்கத்தூள் மினுங்கியது. அட்டையில் எழுத்தின் தடம் அழுந்தியபடியே இருந்தது.

ரிசார்ட் வாசலில் காவலாளி விருந்தினர் பட்டியலோடு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"உங்க பேரு சார்?"

டிரைவரும் திரும்பிப் பார்த்தார்.