கல்தளம் பார்க்க வந்தவர்

"பின்கட்டுல கல்லு தளம் போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் வைத்திலிங்கம், குடையை மடக்கிக்கொண்டே.

கதவைத் திறந்த உத்திராபதி ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க முசே, வாங்க! சேதி வந்து சேந்துதா?"

"வந்துது, வந்துது."

தளம் போட்ட மேஸ்திரி தன்னிடம் சொன்ன சேதியைத்தான் கேட்கிறார், தான் வருவதையும் அவர் முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பார் என்று வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டார். சுங்க இலாகாவில் அவர் பெரிய குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் பழைய பழக்கத்தில் பலர் அவரை ஐயா என்னாமல் முசே என்றுதான் கூப்பிட்டார்கள். சாரம் பேட்டையில் இருக்கும் இந்தப் பஞ்சாலை எடையாளருக்குக்கூடத் தன்னைத் தெரிந்திருக்கிறதே என்று உள்ளூரப் பெருமையாக இருந்தது. உத்திராபதி என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது.

வருகிற தை மாதம் வைத்திலிங்கத்தின் மகனுக்குக் கல்யாணம். அதற்காக வீட்டுப் பின்கட்டில் ஒரு காண்ட்ராக்டரை வைத்துக் கல் பாவினார். காரைக்காலிலிருந்து வந்த சம்பந்தியம்மாள் கை கழுவப் போனாள். கால் வைத்ததும் கல் ஆடி, எல்லோர் முன்னாலும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அவமானம் இன்னும் அவரைத் தூங்க விடவில்லை.

இந்தத் தடவை நம்பிக்கையான ஆளாகப் பிடிக்க வேண்டும் என்று அலைந்தார். காத்தவராயன் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தபோது, "என்னப் பத்தி நானே என்னாத்த சொல்றது? சாரத்துல உத்திராபதி வூட்டுத் தளத்தப் போய்ப் பாருங்க" என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். வந்ததும் வராததுமாக மேஸ்திரியைப் பற்றிக் கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். முதலில் வேலையைப் பார்ப்போம், பேச்சோடு பேச்சாக ஆளைப் பற்றிக் கேட்போம் என்பது வைத்திலிங்கத்தின் எண்ணம்.

தளம் கண்ணை நிறைத்தது. கடப்பாக் கற்கள் ஒன்றோடொன்று இழைந்து கிடந்தன. குதிகாலால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார். எங்கும் தேங்காமல் நேராக மூலைத் துவாரத்துக்கு ஓடியது.

"பிரமாதமா வந்திருக்கு."

"உங்க வாயால அத கேட்டாப் போதும் முசே. ஒரு கொறையும் இருக்கக் கூடாதுன்னு லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே நின்னேன்." உத்திராபதியின் குரல் தழுதழுத்தது.

கல்லைப் பாராட்டினால் ஒரு மனிதர் இப்படிக் கலங்குவாரா என்று வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

"மேஸ்திரி எப்படி? பாதியில உட்டுட்டுப் போற ஆளு இல்லியே?"

"சேச்சே! சொன்ன சொல்லு தவறவே மாட்டாரு. உங்கள மாதிரிதான்."

உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. உத்திராபதியின் மனைவி தனம் வந்து, வைத்திலிங்கத்துக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வூட்டுல அம்மா வரலீங்களா?"

"கல்ல பாக்கறதுக்கு நான் ஒருத்தன் போதாதா?"

அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பாய் விரித்தார்கள். கேசரி மணம் வந்தது. வேண்டாம் என்றாலும் விடவில்லை. ஒரு மேஸ்திரியை விசாரிக்க வந்த இடத்தில் இத்தனை உபசாரமா என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

அப்போதுதான் உத்திராபதியின் மகள் காபியோடு வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவள் நிமிர்ந்தபோது வைத்திலிங்கத்துக்குத் திக்கென்றது. இந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நல்ல மழையில் ஒரு சாயங்காலம். மகனுக்குப் பெண் பார்க்க, தரகர் வீடு வீடாக இழுத்துப்போன நாளில் இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறார். இங்கேயும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எழுந்து போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் நல்லதாக எதையோ சொல்லிவிட்டுத்தான் வந்தார். இங்கே என்ன சொன்னார் என்பதுதான் நினைவில்லை.

இவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது. பேசாமல் காபியைக் குடித்துவிட்டுப் போவது மறந்துபோனதைவிடப் பெரிய பாவம்.

"எம் பையனுக்குத் தை மாசம் கல்யாணம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. "காரைக்கால் பொண்ணு. எங்க வூட்டுல தளம் போடணும். அந்த மேஸ்திரிய விசாரிக்கத்தான் வந்தேன்."

அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு, நடை தடுமாறாமல் உள்ளே போனாள். கேசரிக் கிண்ணத்தோடு வந்த தனம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

வைத்திலிங்கம் எழுந்தார். செருப்பை எங்கே விட்டோம் என்பதுகூட மறந்துபோயிற்று.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அப்ப ஜாதகம் சரியா அமையல. இல்லாட்டி…"

பொய் தானாக வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு விழுங்கவும் முடியவில்லை.

உத்திராபதி கோபப்படவில்லை. தண்ணீர் ஓடிய கற்களைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பின்கட்டு மண்ணாக் கெடக்கு, கல்லு போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க, வந்து பொண்ண எடுத்துக்கறேன்னு நீங்கதானே முசே சொல்லிட்டுப் போனீங்க?"