வலமிருந்து இடம்

பிரஸ்ஸின் கைப்பிடியை வாத்தியார் மெதுவாக அழுத்தினார். மேலிருந்த இரும்புக் கட்டை ஒரு நகத்தளவு கீழே இறங்கியது.

அதன் அடியில் எட்டாம் எண் குத்திய துண்டு இருந்தது. அவளுடையது.

ஒரு தகட்டைப் படுக்க வைத்து, இன்னொன்றை அதன் மேல் நிமிர்த்தி, முன்பக்க மூலையில் மட்டும் வெல்டு வைக்க வேண்டும். அதுதான் பரீட்சை. நிற்கும் தகட்டை பிரஸ் அந்த வெல்டின் மேலேயே சாய்க்கும். மடங்கிப் படுத்தால் சான்றிதழ். உடைந்தால் வீடு.

சான்றிதழ் வாங்கினவர்களை அப்படியே அள்ளிக்கொண்டு போக, குழாய் கம்பெனிக்காரர்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

வீட்டில் மாமியார் காத்திருந்தாள். கெட்டவள் இல்லை, மூட்டுவலிக்காரி. பரீட்சை வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் என் கால் தாங்காது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். வெல்டிங் பள்ளிக்கூடம் ஆளுக்கு இரண்டு வாய்ப்பு தரும். மாமியாரின் கால் ஒன்றுதான் தரும்.

கைப்பிடி இன்னொரு முறை இறங்கியது.

அவள் பக்கத்தில் நின்ற கொழுந்தனைப் பார்த்தாள். இவன் துணைக்கு வருகிறான் என்றுதான் அவளை இந்த வேலை படிக்கவே அனுப்பினார்கள். தினமும் இவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் வந்து போனாள். முதல் வாய்ப்பைப் போன தடவையே கோட்டை விட்டவன். இன்று விட்டால் அவனுக்கு அடுத்தது கிடையாது.

விடவில்லை. சற்று முன்புதான் அவனுடைய ஏழாம் எண் துண்டு சத்தமே இல்லாமல் மடங்கிப் படுத்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

அவளுக்கே ஆச்சரியம்தான். காலையில் பக்கத்துத் தடுப்புக் கூண்டில் அவன் வெல்டிங் ராடு ஈர விறகு மாதிரி வெடித்து, அணைந்து, மறுபடி பற்றியதைக் காதால் கேட்டிருந்தாள். யார் செய்த புண்ணியமோ, பிழைத்துக்கொண்டான் என்று சந்தோஷப்பட்டாள்.

அவளுடைய ராடு அப்படி முரண்டு பிடிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி கொதிப்பதுபோல் ஒரே சீராகப் பொரிந்தது. ஒரு ஓரத்தில் தொடங்கியவள் மறு ஓரத்தில்தான் மூச்சு விட்டாள்.

அவள் இடது கைக்காரி. வகுப்பில் எல்லோருக்கும் அவள் 'லெஃப்ட் அக்கா'. அவள் ஒருத்திக்காக ஒயரைக் கூண்டின் அந்தப் பக்கம் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. வாத்தியார் ஒரு வாரம் அவளை வலது கைக்கு மாற்றப் பார்த்துவிட்டு, நெருப்புக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்.

மத்தியானம் துண்டுகள் ஆறியதும் அவரவர் எண்ணைச் சுத்தியலால் குத்த வேண்டும். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க அண்ணி. உங்க நம்பரையும் நானே குத்திடறேன்."

தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டாள்.

டக்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நின்றிருந்த தகடு கழன்று மேஜையில் விழுந்தது.

அவள் கண் முன்னால் பிள்ளையின் முகம் வந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் வந்தார்கள், மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவது வந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, உடைந்ததைக் குனிந்து பார்த்தாள்.

உள்ளே நீளத்துக்குக் கறுப்பாகக் கசடு. நடுவில் அணைந்து பற்றிய இடத்தில் ஒரு மேடு.

வெல்டு அப்படியே கீழ்த் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் நகம் பதிந்த மாதிரி வளைவு வளைவாக வரிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. ராடு எங்கே கிளம்பி எங்கே போனது என்பதை அந்த வரிகள் சொல்லிவிடும். முதல் மாதப் பாடம் அது.

அந்த வரிகள் இடமிருந்து வலம் போயிருந்தன.

அவள் வெல்டு ஒரு நாளும் அப்படிப் போனதில்லை.

கொழுந்தன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு இன்னொரு தடவ இருக்குல்ல அண்ணி," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

வாத்தியார் உடைந்த துண்டைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் வரிகளைத் தடவினார். விரல் ஒரு முறை போய், திரும்பி வந்து நின்றது. அவர் பார்வை அவளுடைய இடது கைக்கு வந்தது.

"இது உன்னோடதாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பம் குடும்பமாக இருக்கும். நாளைக்கு இவன் இப்படி ஒரு வெல்டை எங்காவது உயரத்தில் வைப்பான். அதன் அடியில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

"இல்ல சார்," என்றாள். "என்னோடது உடையல."

மடங்கிக் கிடந்த ஏழாம் எண் துண்டை இடது கையால் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மடங்கிய இடத்தில் அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

வீட்டுக்குப் போக ஒரு வண்டிதான். சாவி அவனிடம் இருந்தது.