கட்டில் சொன்ன பத்து நாள்

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் பாடு. பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த செல்லையாவின் புதுச் செருப்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் கிடந்து அழுதது.

“ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கல்யாணம்! என்னைப் போட்டு நடப்பாரா?”

“வயிற்றைக் கிழித்தால் பத்து நாள் என் மேல்தான்,” என்று இளித்தது கட்டில். பார்க்க வருகிறவர்கள் பேசும் ஊர்வம்பென்றால் அதற்கு உயிர்.

“யாரப்பா கிழிக்கிறது?” என்று ஆபரேஷன் அறையிலிருந்து கத்தியது ரோபோ. “டாக்டரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே என் கையை ஆட்டுவார். சட்டைப் பொத்தான் அளவில் நாலே துளை!”

ஆபரேஷனுக்கு மறுநாளே செல்லையா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிறன்று வெளியூர் அத்தை ஒருத்தி ஆரஞ்சுப் பையோடு வந்து நின்றாள். கட்டில் காலி.

“நோயாளி எங்கே?” என்றது ஆரஞ்சு.

“மண்டபத்தில் பந்தி விசாரிக்கிறார்,” என்று முனகியது கட்டில். “நீயும் போ. அங்கே யாருக்கு யாரோடு சண்டையென்று கேட்டுவந்து சொல்!”