நாக்கடியில் கரையும் நேரம்

மருத்துவமனை பெஞ்சில் அவளுக்கும் கணவன் எட்வினுக்கும் நாக்கின் அடியில் மாத்திரைத் தூள். எதிர் பெஞ்சில் கோதண்டம்.

அவனுக்கு எப்படிப் பதில் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"என்னா எட்வின், நேத்து ராத்திரி பார்ட்டி யாரு? நீதான் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போயி வுட்டியா?"

அவள் வாயைத் திறக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்வினும் திறக்க முடியாது.

போதை ஊசியை விடுகிறவர்களுக்கு மருத்துவமனையில் தினமும் தரும் மாத்திரை அது. சிஸ்டர் பொடித்து நாக்கடியில் கொட்டுவார். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். நாக்கடியின் மெல்லிய தோல் வழியே நேராக ரத்தத்தில் இறங்கினால்தான் பலன். பேசினால் எச்சில் ஊறும். எச்சிலோடு மருந்தும் தொண்டைக்குள் போய்விடும்.

போன வாரம் எட்வின் கோதண்டத்தைத் திட்ட வாய் திறந்தான்.

பாதி மருந்து சட்டையில். மீதி வயிற்றில்.

மாலையில் கொட்டாவி, கண்ணீர், எலும்புக்குள் குடைச்சல். பாலத்தடியில் ஊசி விற்கிறவனிடம் கிளம்பியவனை, கதவுக்குக் குறுக்கே படுத்துத் தடுத்தாள்.

"இனிமே அந்த ஆஸ்பத்திரிக்குப் போவாணாம்" என்றான்.

போகாவிட்டால் பாலத்தடிதான். அது இருவருக்கும் தெரியும்.

கோதண்டம் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவனும் ஊசியை விட வந்தவன்தான். அதே மாத்திரைதான்.

அவள் அவன் வாயையே பார்த்தாள்.

முதல் ஆளாக வந்து மாத்திரையைக் கரைத்து முடித்துவிடுகிறான். அதனால்தான் பேச முடிகிறது.

அவளும் எட்வினும் எதையும் ஒன்றாகவே செய்து பழகியவர்கள். போட்டதும் ஒரே ஊசி. விட்டதும் ஒரே நாள். மாத்திரையையும் ஒரே நொடியில் வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் முந்தினால் மற்றவர் மாத்திரை போடாமல் பழையபடி ஊசிக்கு நழுவிவிடுவார் என்று பயம்.

மறுநாள் சிஸ்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"அவருக்குக் குடுங்க சிஸ்டர். நான் அப்பால போட்டுக்கறேன்."

எட்வின் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நாக்கைத் தூக்கினான்.

இருவரும் பெஞ்சுக்கு வந்ததும் கோதண்டம் ஆரம்பித்தான்.

"என்னா தங்கச்சி, நேத்து தொழில் எப்டி?"

"நல்லாத்தான் இருந்திச்சி. எவன்கிட்ட மறைச்சேன்? நீ உன் ஊட்ல எங்க போறேன்னு சொல்லிட்டு வந்த? அத்த சொல்லு மொதல்ல."

யாரோ சிரித்தார்கள். கோதண்டம் கூரை விசிறியைப் பார்த்தான்.

எட்வின் உதட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூக்கால் சிரித்தான். ஒரு துளி சிந்தவில்லை.

கரைந்து முடிந்ததும் சிஸ்டரிடம் வெறும் வாயைக் காட்டினான். அவள் தன் மாத்திரையை வாங்க எழுந்து போனாள். அவன் நகர்ந்து, கோதண்டத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டான்.

இனி இப்படித்தான். ஒருவருக்குக் கரைந்து முடிந்த பிறகே மற்றவர் போட்டுக்கொள்வார்.