வாளி ராஜாவின் ஆணைகள்

"இன்று முதல் பாகற்காய் நாடு கடத்தப்படுகிறது."

அரசு வழக்கறிஞர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோர்ட் டவாலி முறைத்தார்.

"பாகற்காய் என்பது எதிர்க்கட்சித் தலைவரைக் குறிக்கும், கனம் நீதிபதி அவர்களே."

கடைசிப் பெஞ்சில் இருந்த அவள் அப்போதுதான் தலையைத் திருப்பினாள். அதுவரை ஜன்னலுக்கு வெளியே ஜெராக்ஸ் கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாகற்காயா?

கூண்டில் அவள் கணவர் நின்றார். அவர் எழுதிய நாவல்தான் வழக்கு. ஆளுங்கட்சித் தலைவரைக் கேலி செய்கிறதாம். தடை போட வேண்டுமாம். பிரதிகளையெல்லாம் கூழாக்க வேண்டுமாம்.

அவள் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்து சிரிப்புக் கதை எழுதினான். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. மயானத்திலிருந்து வந்து, பந்தலைப் பிரித்த கையோடு பேனாவைத் திறந்தவர். அதற்குப் பிறகு பையனின் பெயரை அந்த வீட்டில் அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

போலீஸ் வந்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக் கொடுத்தவள் அவள்தான். சனியன் தொலைந்தது என்றிருந்தது. வீட்டில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை.

"இந்த ராஜா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் ஆணையிடுகிறான்" என்றார் வழக்கறிஞர்.

புகார் கொடுத்த வட்டச் செயலாளர் தனகோடிக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்காமலே எழுந்துவிட்டார்.

"எங்க தலைவர் மேடையில பலகை போட்டு நின்னு பேசுவாருங்கய்யா. அதைத்தான் குத்திக் காட்டுறாரு. அச்சு அசல் எங்க தலைவரேதான்!"

நீல வாளி அது. பிடி உடைந்தது.

குளியலறையிலிருந்து பையன் அதை உருட்டிக்கொண்டு வருவான். கூடத்தில் கவிழ்ப்பான். தலையில் துண்டு. கையில் கரண்டி. ஒன்றாம் வகுப்புக்குப் போக அழுகிற பிள்ளைக்கு வாளி மேல் ஏறிவிட்டால் குரலே மாறிவிடும். பாகற்காயை அவன் நாடு கடத்திய அன்று அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த வறுவல் கருகியது.

"மழை இனிமேல் பள்ளிக்கூடத்தின் மேல் மட்டும் பெய்ய வேண்டும்" என்று அடுத்த ஆணையை வாசித்தார் வழக்கறிஞர்.

"அணை நீர்ப் பங்கீட்டை நையாண்டி செய்கிறது, கனம் நீதிபதி அவர்களே."

கோர்ட் சிரித்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். நீதிபதி ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அவளும் சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

கூண்டிலிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

நீதிபதி கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

"யாருய்யா இந்த ராஜா?"

"கற்பனைங்க ஐயா."

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் இல்லை, இன்னார்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் சார், கேஸ் நிற்காது என்று அவர் வீட்டுக்கே வந்து மன்றாடியிருந்தார். காபி கொடுக்கப் போன அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். வீம்பு பிடித்த மனுஷன் என்று நினைத்தாள்.

வீம்பு இல்லை. பிள்ளையைக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை.

வழக்கறிஞர் பக்கத்தைப் புரட்டினார்.

"ஊசி போடுகிறவர்களுக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை விடுமுறை."

இந்த முறை கோர்ட் விழுந்து விழுந்து சிரித்தது. தனகோடி மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை.

இது அவளுக்குத் தெரியாது.

அவனுடையதுதான். வேறு யாருக்கும் இப்படிச் சொல்ல வராது. ஆனால் அவள் காதில் இது விழவில்லை. எப்போது சொன்னான்? பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாயங்காலங்களில் அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். அந்த நேரம் கட்டில் பக்கத்தில் அவர்தான் இருப்பார். அவள் திரும்பி வரும்போது பையன் தூங்கியிருப்பான்.

அப்படியானால் இன்னும் என்னவெல்லாம் சொன்னான்?

கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல வாய் வராமல் எழுதிவைத்திருக்கிறார். அத்தனையும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது, அவள் படுத்துக் கிடந்த கட்டிலுக்கு அடியில். தன் கையாலேயே இழுத்துக் கொடுத்தாளே, பாவி.



"சுகாதாரத் துறையையே கொச்சைப்படுத்துகிறது. தடை விதிக்க இதுவே போதும், கனம் நீதிபதி அவர்களே."

வழக்கறிஞர் புத்தகத்தை மூடினார்.

அவள் எழுந்துவிட்டாள். டவாலி, "உட்காரும்மா" என்று அதட்டினார். அது அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தாள்.

"ஐயா, மூடிடாதீங்க. இன்னும் கொஞ்சம் படிங்க."

அரசு வழக்கறிஞர் நீதிபதியைப் பார்த்தார். மூடிய புத்தகத்துக்குள் அவருடைய விரல் இன்னும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.